உப்பின் சாட்சியம்: வியர்வைச் சோதனையும் ஒரு நொதிக் குறைபாடும்

ஒரு குழந்தையின் வியர்வையில் உப்பு மிகுந்திருந்தால் அக்குழந்தைக்கு இன்ன நோய் என்று சொல்லிவிடலாம் என மருத்துவம் 1953 முதல் கருதி வருகிறது. அந்தச் சோதனை இன்றும் வழக்கில் இருக்கிறது. மரபணுவைப் படிக்கும் கருவிகள் வந்த பிறகும் அது பின்வாங்கவில்லை. ஆனால் அதன் கூடவே ஓர் எச்சரிக்கைப் பட்டியலும் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது: இன்னின்ன நிலைகளில் வியர்வை பொய் சொல்லக்கூடும் என்ற பட்டியல். அதில் ஒரு பெயர், ஜி6பிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதியின் குறைபாடு. இந்தியப் பழங்குடி மக்கள் பலரிடையே காணப்படும் குறைபாடு அது. ஆகவே கல்வராயன் மலையில் கரியாலூர் போன்றதோர் ஊரிலிருந்து இருமலோடு இறங்கி வரும் குழந்தைக்கு இந்தச் சோதனை செய்யப்படுமானால், அதன் விடையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி வெறும் ஆய்வகக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. அதற்கு விடை தேட, சோதனையின் வரலாற்றையும் நொதியின் வரலாற்றையும் ஒருங்கே பார்க்க வேண்டும்.

முதலில் நோய். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் என்று விளக்கலாம். நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் இருக்காது என்றொரு நம்பிக்கை ஐரோப்பிய நாட்டார் வழக்கில் இருந்தது. நோய்க்குப் பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தாய்மார்கள் அதன் சுவையை அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் மருத்துவம் உப்பிலிருந்து தொடங்கவில்லை, பிணவறையிலிருந்து தொடங்கியது. நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் நிபுணராக இருந்த டோரதி ஆண்டர்சன், சீலியாக் எனப்படும் செரிமானக் கோளாற்றால் இறந்ததாகக் கருதப்பட்ட குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து, அவர்களில் சிலரின் கணையம் நார்த்திசுவாக மாறிக் கட்டிகளோடு இருந்ததைக் கண்டார். 1938இல் அதைத் தனியொரு நோயாக விவரித்தார். அப்போது உயிருள்ள குழந்தையிடம் இந்நோயை உறுதிசெய்ய வேண்டுமானால் சிறுகுடலுக்குள் குழாய் செலுத்திக் கணைய நீரை எடுக்க வேண்டியிருந்தது.

1948ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரை வெப்ப அலை தாக்கியது. வெப்பத்தால் மயங்கி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோய் கொண்டவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்ததை ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் கவனித்தனர். அதே நிறுவனத்தில் பணியாற்றிய பால் டி சாண்ட்அக்னீஸ் அந்தக் கவனிப்பைத் தொடர்ந்து சென்றார். இக்குழந்தைகள் வியர்வையில் அளவுக்கு மீறி உப்பை இழக்கிறார்கள். அதனால்தான் வெப்பத்தில் சரிகிறார்கள் என்று 1953இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்டனர். சிறுநீரகத்திலோ அட்ரினல் சுரப்பியிலோ குறையில்லை, குறை வியர்வைச் சுரப்பியிலேயே இருக்கிறது என்பது அந்தக் கண்டுபிடிப்பின் சாரம். நாட்டார் நம்பிக்கைக்கு எண் கிடைத்தது.

எண் கிடைத்தாலும் வியர்வை எளிதில் கிடைக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் குழந்தையைச் சூடான அறையில் வைத்தும், பிளாஸ்டிக் உறையால் போர்த்தியும் வியர்க்க வைத்தார்கள். வெப்பத்தைத் தாங்க இயலாத நோயைக் கண்டறிய வெப்பத்தையே பயன்படுத்தினார்கள். சோதனையின் விளைவாக நேர்ந்த ஓர் உயிரிழப்பு 1958இல் மருத்துவ இதழில் பதிவானது. மறு ஆண்டே, 1959இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த லூயிஸ் கிப்சன், ராபர்ட் குக் இருவரும் மாற்று வழியைத் தந்தனர். பிரேசில் நாட்டுச் செடியொன்றிலிருந்து பெறப்படும் பைலோகார்ப்பைன் என்னும் மருந்தை மிகச் சிறிய மின்னோட்டத்தின் துணையால் முன்கைத் தோலுக்குள் செலுத்தினால் அந்த இடம் மட்டும் வியர்க்கும். அந்த வியர்வையை முன்பே எடை பார்த்த தாளிலோ துணியிலோ அரைமணி நேரம் சேகரித்து, மீண்டும் எடை பார்த்து, அதிலுள்ள குளோரைடை அளக்கலாம். இன்றுவரை உலகெங்கும் நடைபெறும் வியர்வைச் சோதனை இதன் வழிவந்ததே.

அளவுகோலும் படிப்படியாக உருவானது. ஒரு லிட்டர் வியர்வையில் குளோரைடு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய்க்கு வலுவான சான்று. 30க்குக் கீழ் இருந்தால் நோய்க்கு வாய்ப்புக் குறைவு. 30 முதல் 59 வரை இருந்தால் முடிவு சொல்ல இயலாது, மேலும் ஆராய வேண்டும். 2017இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த வழிகாட்டுதல் இந்த மூன்று வகுப்புகளையே முன்வைக்கிறது.

இந்த எண் ஏன் உயர்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. வியர்வைச் சுரப்பியின் அடிச்சுருளில் உருவாகும் நீர் எல்லோருக்கும் இரத்தத்தைப் போன்றே உப்பு மிக்கது. அது நாளத்தின் வழியே தோலை நோக்கி ஏறும்போது நாளச் சுவர் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்நோயில் அந்தச் சுவர் குளோரைடை உள்ளே விடுவதில்லை. இதை 1983இல் நிறுவியவர் பால் குவின்டன். அவரே இந்நோயோடு வாழ்ந்தவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1989இல் லாப்-சீ சூய், பிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டான் ஆகியோரின் குழுக்கள் ஏழாம் குரோமோசோமில் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தபோது, குளோரைடு செல்லும் வாயிலை உருவாக்கும் மரபணு அதுவே என்பது தெளிவாயிற்று.

இனி நொதியின் கதை. இரண்டாம் உலகப் போரின்போது மலேரியாவுக்குப் புதிய மருந்துகள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் கைதிகளிடம் அம்மருந்துகள் சோதிக்கப்பட்டன. சிறைவாசிகளின் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற வினா இன்றும் அந்த ஆய்வுகளைத் துரத்துகிறது. பிரைமாகுயின் என்ற மருந்து சிலருக்கு மட்டும் செங்குருதி அணுக்களைச் சிதைத்து, சிறுநீரைக் கருக்கச் செய்தது. அவர்களின் அணுக்களில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி குறைந்திருக்கிறது என்பது 1956இல் தெரியவந்தது. அதன் சுருக்கமே ஜி6பிடி. செங்குருதி அணு ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இந்த நொதியையே நம்பியிருக்கிறது. சில மருந்துகள், சில நோய்த்தொற்றுகள், மத்தியதரைக் கடல் நாடுகளில் உண்ணப்படும் ஃபாவா அவரை ஆகியவை குறைபாடுள்ளவரின் அணுக்களை உடைத்துவிடும். மற்ற நாட்களில் அவர் நலமாகவே இருப்பார்.

உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேரிடம் இக்குறைபாடு உள்ளது. இத்தனை பேரிடம் ஒரு குறை நிலைத்திருப்பதற்குக் காரணம் மலேரியா என்று 1960இல் ஆலிசன், மொட்டுல்ஸ்கி போன்றோர் வாதிட்டனர். நொதி குறைந்த அணுவில் மலேரிய ஒட்டுண்ணி செழிப்பதில்லை. ஆகவே மலேரியா மலிந்த நிலங்களில் இக்குறை ஒரு கேடயமாகத் தலைமுறைகளைக் கடந்து வந்தது. இந்தச் சிந்தனைக்கு முன்னோடி, 1949இல் தலசீமியாவைப் பற்றி இதையொத்த கருத்தைச் சொன்ன ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார். இந்தியாவில் மத்தியதரை வகை, கேரளா-கல்யாண் வகை, ஒரிசா வகை என்று இக்குறையின் மூன்று வடிவங்கள் பெரும்பான்மை. அவற்றுள் ஒரிசா வகை பழங்குடியினரிடம் மிகுதி. சமூகத்துக்குச் சமூகம் இதன் அளவு பெரிதும் வேறுபடுகிறது. அறவே இல்லாத சமூகங்களும் உண்டு, நான்கில் ஒருவரிடம் காணப்படும் சமூகங்களும் உண்டு. எனவே ஒரு மலையின் எண்ணைக் கொண்டு இன்னொரு மலையைக் கணிக்க இயலாது.

இந்த இரு கதைகளும் சந்திக்கும் இடம்தான் பாடநூலின் எச்சரிக்கைப் பட்டியல். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லாமலே வியர்வையில் உப்பு உயரக்கூடிய நிலைகள் என்று அதில் பல பெயர்கள்: அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, தைராய்டு குறைவு, தோல் அழற்சி, கடும் ஊட்டச்சத்துக் குறைவு, சில சேமிப்பு நோய்கள், ஜி6பிடி குறைபாடு. பட்டியல்கள் பெயரைச் சொல்கின்றன. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று சொல்வதில்லை. அட்ரினல் ஹார்மோன் குறைந்தால் நாளம் உப்பை உறிஞ்சுவது குறையும் என்பதற்கு உடலியல் விளக்கம் உண்டு. ஜி6பிடிக்கு அப்படியொரு விளக்கத்தைப் பட்டியல்கள் தருவதில்லை. அதே பட்டியலில் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு நொதியின் குறையால் வரும் கிளைக்கோஜன் சேமிப்பு நோயும் இருக்கிறது. இரண்டும் ஒலியால் நெருங்கியவை, பொருளால் வெகுதூரம். ஒன்று கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுவதற்கு வேண்டிய நொதி. மற்றது செங்குருதி அணுவின் காவல் நொதி. அவசரமாகப் படிக்கும் கண் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது.

பட்டியலின் இந்த வரியை எவ்வளவு தூரம் எடுத்துச் செல்லலாம்? சார்டினியத் தீவை எண்ணிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் மலேரியாவால் வாடிய அந்தத் தீவில் ஜி6பிடி குறைபாடு மிகப் பரவலானது. அங்கே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் உண்டு. அதைக் கண்டறிய வியர்வைச் சோதனையே பயன்படுகிறது. கிரேக்கத்திலும் அப்படியே. நொதி குறைந்தவர்கள் எல்லோருக்கும் வியர்வை உப்பு உயருமானால், அந்நாடுகளில் இச்சோதனை என்றோ கைவிடப்பட்டிருக்கும். கைவிடப்படவில்லை. ஆகவே ஜி6பிடி குறைபாடு சோதனையைப் பொதுவாகப் பயனற்றதாக்கும் ஒன்று அன்று. தனித்து நிற்கும் ஓர் உயர்ந்த எண்ணைக் கண்டு ஐயுறுவதற்கான பல காரணங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவே.

இந்த வேறுபாடு சிறிதன்று. பட்டியலை இரண்டு விதமாகத் தவறாகப் படிக்கலாம். எச்சரிக்கையை மறந்து, ஒரே எண்ணைக் கொண்டு குழந்தையின் தலையில் வாழ்நாள் நோயைச் சுமத்துவது ஒருவிதம். எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டு, இது நொதிக் குறைபாட்டால் வந்த பொய் என்று உண்மையான நோயைத் தள்ளிவிடுவது மற்றொரு விதம். நொதிக் குறை உள்ள குழந்தைக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் வரலாம். ஒன்று எக்ஸ் குரோமோசோமில், மற்றது ஏழாவதில், இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. இரண்டாவது பிழை இந்தியாவில் இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் இந்நோய் இங்கே இல்லை என்ற நம்பிக்கையே நெடுங்காலம் ஆண்டது.

வெள்ளையரின் நோய் என்று கருதப்பட்ட இது இந்தியக் குழந்தையிடம் இருப்பதாக முதல் அறிக்கை சண்டிகரிலிருந்து 1968இல் வெளிவந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அது ஓர் அபூர்வச் செய்தியாகவே கருதப்பட்டது. நெஞ்சுச்சளியும் எடையிழப்புமாக வரும் குழந்தைக்குக் காசநோய் என்றோ ஊட்டக்குறைவு என்றோ பெயரிடுவதே இயல்பாக இருந்தது; அவை இங்கே மலிந்தவை அல்லவா? 1990களிலிருந்து தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் எஸ்.கே. காப்ராவும் அவருடைய சகாக்களும் தொடர்ந்து நோயாளிகளை அடையாளம் கண்டனர். இறக்குமதிக் கருவியின் விலையை எட்ட முடியாத மருத்துவமனைகளுக்காக, உள்நாட்டிலேயே வியர்வை சேகரித்துக் குளோரைடை அளக்கும் முறை ஒன்றை உருவாக்கி 2002இல் வெளியிட்டனர். இல்லாத நோயாக இருந்தது, தேடத் தொடங்கியதும் இருக்கும் நோயாயிற்று.

மரபணுச் சோதனை வந்துவிட்டதே, வியர்வை எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பியரிடம் இந்நோய்க்குக் காரணமான மரபணுப் பிறழ்வுகளில் சுமார் 70 விழுக்காடு ஒரே பிறழ்வு. இந்திய ஆய்வுகளில் அதன் பங்கு பாதிக்கும் கீழே. ஐரோப்பியருக்காக வகுக்கப்பட்ட குறும்பட்டியலை வைத்துத் தேடினால் இந்தியக் குழந்தையின் பிறழ்வு அகப்படாமல் போகலாம்; பிறழ்வு அகப்படவில்லை என்பது நோய் இல்லை என்பதாகாது. வியர்வை எந்தப் பிறழ்வு என்று கேட்பதில்லை. வாயில் திறக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஆகவே இந்த நாட்டில் வியர்வையின் சாட்சியம் கூடுதல் மதிப்புடையது. அதைச் சரியாகக் கேட்கும் பொறுப்பும் அதே அளவு கூடுதல்.

கரியாலூர் இருக்கும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் நிலம். ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. அரசும் மருத்துவமும் இம்மலைக்கு வந்து சேர்ந்த காலவரிசை இது. வியர்வைச் சோதனையோ, பயிற்சி பெற்றவர்கள் அடிக்கடி செய்யும் இடங்களில் மட்டுமே நம்பத்தக்கது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய நிறுவனங்களை நாடித்தான் போக வேண்டும்.

இங்கே இரண்டு சோதனைகளின் இயல்பு வேறுபடுகிறது. ஜி6பிடி சோதனைக்கு ஒரு துளி இரத்தம் போதும். அதைத் தாளில் உலர்த்தி மலையிலிருந்து அனுப்பலாம். வியர்வையை அப்படி அனுப்ப இயலாது. சேகரித்த கணமே அதை மூடி எடை பார்க்க வேண்டும். சற்றே ஆவியானாலும் நீர் குறைந்து உப்பு மிஞ்சும். பொய்யான உயர்ந்த எண் கிடைக்கும். குறைந்தது 75 மில்லிகிராம் வியர்வை கிடைக்காவிட்டால் அந்த முறையில் விடை செல்லாது. தோலைச் சரியாகத் துடைக்காதிருத்தல், வியர்வை போதாதிருத்தல், ஆவியாதல் ஆகிய கைப்பிழைகளே நடைமுறையில் இச்சோதனையை மிகுதியாகக் கெடுப்பவை. எந்த அரிய நொதிக் குறையும் அவற்றுக்குப் பின்தான்.

ஆகவே குழந்தைதான் பயணம் செய்ய வேண்டும். உயர்ந்த எண் வந்தால் மீண்டும் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த ஒரு வரி விதி ஒரு மலைக் குடும்பத்துக்கு இரண்டாவது பயணம், இரண்டாவது முறை இழந்த கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள். முதல் எண்ணோடு முடித்துவிடலாம் என்ற ஆசை குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் ஒருங்கே எழுவதில் வியப்பில்லை. ஆனால் எந்தக் குழந்தைகளுக்கு இரண்டாம் சோதனை அரிதோ அவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை. கடும் ஊட்டக்குறைவு எண்ணை உயர்த்திக் காட்டும். அதே ஊட்டக்குறைவால் புரதம் வற்றி உடல் வீங்கியிருந்தால் எண் தாழ்ந்து, உண்மையான நோய் மறைந்துவிடும். ஒரே வறுமை இரு திசையிலும் பொய் சொல்ல வைக்கும். எனவே குழந்தையைத் தேற்றி, வீக்கம் வடிந்த பிறகு மறுபடி அளப்பதே முறை.

நொதிச் சோதனையும் இந்த விதிக்கு விலக்கன்று. மருந்தாலோ காய்ச்சலாலோ அணுக்கள் சிதைந்த உடனே ஜி6பிடியை அளந்தால், குறைபாடு மிக்க மூத்த அணுக்கள் அழிந்து, நொதி சற்று மிகுந்த இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும். முடிவு இயல்பு போலத் தோன்றும். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடம், கேட்க வேண்டிய நேரத்திலேயே, அந்தச் சோதனை ஏமாற்றுகிறது. சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பெண்களிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் அணுவுக்கு அணு ஒன்று உறங்குவதால், சில அணுக்களில் நொதி இருக்கும், சிலவற்றில் இராது. எளிய சோதனைகள் அவர்களைத் தவறவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைக்குத் தொற்றுகளுக்காகப் பல மருந்துகள் தர வேண்டியிருக்கும். அவற்றுள் நொதி குறைந்தவருக்கு ஆகாதவையும் இருக்கலாம். ஆகவே இரண்டு விடைகளும் சரியாகத் தெரிந்திருப்பது உயிர்காக்கும் செய்தி.

இன்று இந்நோயின் பெயர் அன்றைய தீர்ப்பு அன்று. 2012 முதல், அந்தக் குளோரைடு வாயிலையே திருத்தும் மருந்துகள் வந்துள்ளன. 2019இல் அங்கீகாரம் பெற்ற மூன்று மருந்துக் கூட்டு பலருடைய வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கவும் வியர்வையின் குளோரைடையே அளக்கிறார்கள். ஆனால் அவை எல்லாப் பிறழ்வுகளுக்கும் பயன்படுவதில்லை. விலையும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. நோயைச் சரியாகக் கண்டறிவதன் பயன் கூடியிருக்கும் காலத்தில், தவறாகக் கண்டறிவதன் விலையும் கூடியிருக்கிறது.

வியர்வைச் சோதனை நொதிக் குறைபாடு உள்ளவரிடமும் நம்பத்தக்கதே. ஆனால் அதன் நம்பகம் எண்ணில் மட்டும் இல்லை. யார் வியர்த்தார், எந்த உடல்நிலையில் வியர்த்தார், எடுத்தவர் கை எவ்வளவு பழகியது, மறுமுறை கேட்கப்பட்டதா என்பவற்றில் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஜி6பிடி என்ற சொல் மருத்துவரிடம் சொல்லும் செய்தி ஒன்றுதான்: இன்னொரு முறை பாருங்கள். அந்த இன்னொரு முறைக்கான பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் யாருடைய கணக்கில் என்பதை மருத்துவப் பாடநூல் சொல்வதில்லை. கல்வராயன் மலைக் குழந்தையைப் பொறுத்தவரை சோதனையின் நம்பகம் பாதிக்கு மேல் அந்தக் கணக்கைச் சார்ந்தது.